பாதம் கொஞ்சம் குளிர்ந்தால்

எங்கள் கம்பெனியில் அவருக்கு முட்டை சார் என்று பெயர். கோழிக்குஞ்சு பொரிக்கும் இயந்திரங்களுக்குச் சூட்டைக் கட்டுப்படுத்தும் மின்பலகை செய்வதுதான் எங்கள் தொழில். பலகையை வடிவமைப்பவர் அவர். எதிர் மேஜையில் உட்கார்ந்து, அவர் வரைந்ததைப் பற்றவைத்துச் சோதிப்பவன் நான். புதுப் பலகை ஒன்று தயாரானால் அதை ஒரு சின்னப் பெட்டியில் மாட்டி, உள்ளே நிஜ முட்டைகளை அடுக்கிவிடுவார். குஞ்சு வெளியே வரும்வரை அவருக்கு இருப்புக் கொள்ளாது. அவருடைய மைத்துனர்கள் பார்க்கும்போதெல்லாம், "மச்சான், இன்னிக்கு எத்தனை பிரசவம்?" என்று சீண்டுவார்கள். "எல்லாம் சுகப்பிரசவம்தான்" என்று அவரும் சிரித்துக்கொண்டே சொல்வார். பின்னால் நடந்ததற்குப் பிறகு அந்தக் கிண்டலை யாரும் செய்யவில்லை.

அவர் மனைவி ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். பாடப்புத்தகமோ மருந்துக் குறிப்போ, அவர் கண்ணைத் தாண்டி ஒரு புள்ளிகூடத் தப்பிப் போகாது. பேச்சும் அப்படித்தான், வெட்டு ஒன்று துண்டு இரண்டு. முட்டை சாரோ "பாக்கலாம்", "கிட்டத்தட்ட", "ஒரு மாதிரி" என்கிற சொற்களைப் பிடித்துக்கொண்டே காலம் தள்ளுகிறவர். "இவர்கிட்ட மணி கேட்டா, சாயங்காலம் ஆகிட்டு வருதும்பார்" என்று அவர் மனைவி ஒரு தடவை என்னிடம் சொன்னார். சொல்லும்போது முகத்தில் கோபம் இல்லை. அப்போது அவர் வயிற்றில் குழந்தை இருந்தது.

குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. தாய்க்கு ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறியதால் அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயை மேல்மாடியில் அசையக்கூடாது என்று படுக்கவைத்திருந்தார்கள். குழந்தை கீழ்த்தளத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள். இரண்டு மாடிகளுக்கும் நடுவில் முட்டை சார் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

நான் பார்க்கப் போன அன்று அவர் வார்டுக் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். குழந்தையை விட அதிகமாக, பெட்டியின் மேலிருந்த சிவப்பு விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க, எரியுது. ஹீட்டர் முழு வேகத்துல ஓடுது. இப்ப அணையும்" என்றார்.

அணைந்தது.

"அணைஞ்சாலும் உள்ள இருக்கற கம்பி சூடாத்தான் இருக்கும். சூடு ஏறிக்கிட்டே போகும். அப்புறம் இறங்கும். ரொம்ப இறங்கினப்புறம்தான் திரும்ப எரியும். ஒண்ணு முழுசா எரியணும், இல்ல முழுசா அணையணும். நடுவுல ஒண்ணும் தெரியாது இதுக்கு." விளக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நம்ம முட்டைக்கே இதைவிட நல்ல போர்டு போட்டிருக்கோம்."

டாக்டரிடமும் சொல்லிப் பார்த்தார். டாக்டர் இளம்பெண், தூக்கமில்லாத கண்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தெரியும் சார். எங்ககிட்ட இருக்கறது இதுதான். அதனாலதான் பெரிய சிஸ்டர் அந்த இடத்தை விட்டு நகர்றதே இல்ல" என்றார்.

பெரிய சிஸ்டர் அந்த வார்டின் தலைமை நர்ஸ். பெட்டியின் பக்கவாட்டுத் துளை வழியாகக் கையை விட்டு, ஒரு விரலைக் குழந்தையின் வயிற்றிலும் இன்னொன்றைப் பாதத்திலும் வைத்துப் பார்ப்பார். பிறகு சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகை இப்படியோ அப்படியோ லேசாகத் திருப்புவார். வயிறு வெதுவெதுப்பாக இருந்து பாதம் மட்டும் சில்லென்று இருந்தால், குழந்தை குளிரோடு போராட ஆரம்பித்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். ஆனால் வார்டில் வேறு பெட்டிகளும் இருந்தன. அவருக்கு இருந்தது இரண்டு கைகள்தான்.

மேலே போகும் ஒவ்வொரு தடவையும் மனைவி கேட்பார்: "நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா."

"நான் வந்து பாக்கட்டுமா?"

"இப்ப என்ன அவசரம்? முதல்ல நீ எழுந்து நில்லு."

ஆயுளில் "கிட்டத்தட்ட" சேர்க்காமல் அவர் பேசிய நாட்கள் அவை. ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு காலை வேளையில், சிஸ்டரின் விரல்கள் பாதத்தில் இருக்கும்போதே குழந்தை போய்விட்டது. அறுவை அறையில் துணிப்பொதியாக ஒரு கணம் காட்டியதோடு சரி. அவர் மனைவி அந்தக் குழந்தையை உயிரோடு மறுபடி பார்க்கவில்லை.

சில வாரங்கள் கழித்து அவர் டாக்டரைத் தேடிப் போனார்.

"அந்த மெஷின்தான் காரணமா? ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நுரையீரல் வளரவே இல்ல. அதுதான் பெரிய காரணம். சூடு ஏறி இறங்கினது அவளைக் களைக்க வச்சிருக்கும். கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்னா கொஞ்சம் சார். அதுக்கு மேல யாராலயும் சொல்ல முடியாது."

அந்தச் சொல்லை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். மனைவி கேட்டுவிட்டு எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவினாராம். வெளியே போனால் அவரிடம் பெண்கள் பேச்சுவாக்கில், "குழந்தைங்க இருக்காங்களா?" என்று கேட்பார்கள். இருக்கிறது என்றால் பொய். இல்லை என்றால் அதைவிடப் பெரிய பொய். யாரும் கேட்காத இடமாக அச்சகம் இருந்தது. காலையில் போகிறவர் இருட்டுவதற்குச் சற்று முன்புதான் வருவார்.

அந்தச் சமயத்தில் எங்கள் முதலாளி படித்துவிட்டுப் போட்ட தொழில்நுட்பப் பத்திரிகை ஒன்றில் ஒரு கட்டுரை வந்திருந்தது. ஓர் அறையின் குளிர்சாதனம் படபடவென்று ஓடுவதும் நிற்பதுமாக இல்லாமல், நிதானமாக ஓடுவது எப்படி என்பதைப் பற்றியது. ஃபஸ்ஸி லாஜிக் என்று அந்த முறைக்குப் பெயர் போட்டிருந்தது. முட்டை சார் அதை டீ ஆறிப்போவது தெரியாமல் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"உங்க சட்டை நனைஞ்சிருக்கா?"

அன்று மழை. வரும்போது தோளில் சாரல் பட்டிருந்தது. "லேசா நனைஞ்சிருக்கு" என்றேன்.

"கம்ப்யூட்டரைக் கேட்டா என்ன சொல்லும்? நனைஞ்சிருக்கு, ஒண்ணு. நனையல, பூஜ்யம். உங்க சட்டையை அதால சொல்லவே முடியாது. இந்த முறையில, நனைஞ்சதுங்கற கூட்டத்துல உங்க சட்டைக்கு ஒரு கால் பங்கு இடம் உண்டு. முழுசா நனைஞ்சதும் இல்ல, முழுசா காய்ஞ்சதும் இல்ல. அளவுதான்."

"மழை வர்றதுக்கு இருபத்தஞ்சு சதவீதம் வாய்ப்புன்னு ரேடியோல சொல்றாங்களே, அது மாதிரியா?"

"இல்ல, அது வேற. அது வருமா வராதான்னு தெரியாததைப் பத்தி. வந்துட்டா முழுசா வரும், இல்லன்னா இல்ல. இது தெரிஞ்ச விஷயம். சட்டை கண்ணு முன்னாடி இருக்கு. அது கொஞ்சம்தான் நனைஞ்சிருக்கு. அந்தக் 'கொஞ்ச'த்தை வச்சுக்கிட்டே கணக்குப் போடலாம்ங்கறான்."

அவர் அவ்வளவு வேகமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. டாக்டர் சொன்ன சொல்லுக்கு உலகத்தில் யாரோ ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அவரைப் பிடித்து உலுக்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

மறுநாளே பெரிய சிஸ்டரைப் பார்க்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு பல மாதங்கள், மதியத்தில் வேலை ஓய்ந்த நேரமெல்லாம், அந்த வார்டின் மூலையில் ஒரு ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருப்பார். சிஸ்டருக்கு முதலில் எரிச்சல்.

"குளிர்ந்திருக்குன்னு எப்ப சொல்வீங்க சிஸ்டர்?"

"தொட்டா தெரியும்."

"எவ்வளவு குளிர்ந்தா?"

"இதென்ன கேள்வி? கொஞ்சம்னா கொஞ்சம். ரொம்பன்னா ரொம்ப."

"அதேதான் வேணும். அதை அப்படியே சொல்லுங்க."

சிஸ்டர் சொன்னார். வயிறு சரியாக இருந்து பாதம் மட்டும் கொஞ்சம் குளிர்ந்தால், சூட்டை ஒரு துளி ஏற்று. பாதம் நன்றாகக் குளிர்ந்து வயிறும் இறங்கிக்கொண்டே போனால், தயங்காமல் ஏற்று. வயிறு கொஞ்சம் சூடாக இருந்தாலும் வேகமாக ஆறிக்கொண்டிருந்தால், ஒன்றும் செய்யாதே, பொறு. இந்த மாதிரி விதிகளை முட்டை சார் எழுதிக்கொண்டு வந்தார். சிஸ்டரின் சொற்களை எண்களாக மாற்றவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் தாளில் ஒரு சரிவுக்கோடு வரைந்தார். "சரியான சூடு" ஓரிடத்தில் சட்டென்று அறுந்து "குளிர்" ஆரம்பிக்காது. ஒன்று இறங்க இறங்க மற்றது ஏறும். நடுவில் இருக்கும் குழந்தை முக்கால் பங்கு "சரி"யிலும் கால் பங்கு "குளிரி"லும் இருக்கும். அப்போது இரண்டு விதிகளும் ஒரே நேரத்தில் பேசும். ஒன்று முக்கால் குரலில், மற்றது கால் குரலில். எல்லாவற்றையும் கேட்டு, சமன்செய்து, ஹீட்டரை இவ்வளவு திற என்று பலகை சொல்லும். இதற்கு வேறு கணக்கு முறைகளும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் தொட்டுப் பார்க்கிற கையின் பேச்சை அப்படியே எடுத்து இயந்திரத்துக்குக் கொடுக்க அவருக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

மெல்லிய வெந்நீர்ப் பை ஒன்றைக் குழந்தை அளவுக்குச் செய்து பெட்டிக்குள் கிடத்திச் சோதித்தோம். சிஸ்டர் ஒரு நாள் எங்கள் பட்டறைக்கே வந்து பார்த்துவிட்டு, "இதென்ன, இவ்வளவு பயந்தாங்கொள்ளியா இருக்கு? ஒரு தடவை துளையைத் திறந்து மூடினதுக்கே வீட்டுக்குத் தீப்பிடிச்ச மாதிரி குதிக்குது" என்றார். முட்டை சார் சரிவுகளை மாற்றினார். பலகையின் பதற்றம் மெல்ல அடங்கியது. கடைசியில் வரைதாளில் சூட்டின் கோடு, யாரோ தூங்குகிற மூச்சு மாதிரி, ஏறியும் ஏறாமலும் ஓடியது. நான் கைதட்டினேன். முட்டை சார் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முகம் கழுவ வெளியே போனவர் வெகுநேரம் வரவில்லை.

வீட்டில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது.

"அந்தக் கட்டடம் இருக்கற ரோட்டுலகூட நான் போறதில்ல. நீங்க தினமும் உள்ள போய் உக்காந்துட்டு வர்றீங்க" என்று மனைவி ஒரு நாள் சொன்னாராம்.

"இன்னொரு குழந்தைக்கு..."

"இன்னொரு குழந்தையைப் பத்தி எனக்குத் தெரியாது."

கொஞ்ச நாளில் மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். சண்டை போட்டுப் போகவில்லை. அங்கிருந்து அச்சகம் பக்கம் என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்து, துணி துவைத்துப் போட்டு, சாயங்காலம் திரும்பிப் போவார். மைத்துனர்கள் முட்டை சாரிடம் நேராகவே கேட்டார்கள், "பிரிஞ்சுட்டீங்களா மச்சான்?" என்று. அவரால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரிக் குழு கேள்விமேல் கேள்வி கேட்டுவிட்டு, பலகையைச் சோதனைக்கு ஏற்றுக்கொண்டது. முதலில் ஒரு பெட்டி, நர்ஸ் பக்கத்திலேயே இருக்க. பிறகு வார்டு முழுக்க. எங்கள் முதலாளிக்கு ஒரே பூரிப்பு. நர்ஸுகளுக்கான கையேட்டை நல்ல அச்சகமாகப் பார்த்துக் கொடுத்தார். அது எந்த அச்சகம் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு மதிய வேளை. நானும் அவரும் பட்டறையில் இருந்தோம். கதவைத் தள்ளிக்கொண்டு அவர் மனைவி வந்தார். கையில் அந்தக் கையேட்டின் அச்சுப்படிகள். நான் எழுந்தேன்.

"நீங்க உக்காருங்கண்ணா. உங்களுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல" என்றார்.

தாளை மேஜையில் வைத்து ஒரு வரியில் விரலை ஊன்றினார். "'குழந்தையின் பாதம் சற்றே குளிர்ந்தால், கருவி வெப்பத்தைச் சற்றே உயர்த்தும்.' சற்றேன்னா எவ்வளவு? இப்படி எழுதினா நான் ஓரத்துல கேள்விக்குறி போடணும்."

முட்டை சார் ஒரு தாளில் சரிவுகளை வரைந்து காட்டினார். என்னிடம் சொன்ன மாதிரியே, சட்டை உதாரணத்தோடு, நிதானமாக. மனைவி குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் வேலையே அதுதானே, ஒவ்வொரு எழுத்தாகப் பார்ப்பது.

"அப்ப ஒரே நேரத்துல ஒண்ணு நல்லாவும் இருக்கலாம், நல்லா இல்லாமயும் இருக்கலாம்."

"ஆமா. எது எவ்வளவுங்கறதுதான்."

"இது உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

அவர் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. "பேர்தான் தெரியாது. விஷயம் தெரியும்."

"அப்புறம் ஏன் என்கிட்ட 'நல்லா இருக்கா'ன்னு சொன்னீங்க?"

முட்டை சாரின் கையில் பென்சில் அப்படியே நின்றது.

"ஒவ்வொரு தடவையும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் நல்லா இருக்கான்னீங்க. எதுக்கெடுத்தாலும் கிட்டத்தட்டன்னு சொல்ற மனுஷன், இதுல மட்டும் சொல்லல. நானும் நம்பினேன். 'கொஞ்சம் பரவாயில்ல, ஆனா மோசமாகிட்டு வருது'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் தவழ்ந்தாவது கீழ வந்திருப்பேன். தொட்டிருப்பேன். அந்தப் பாதம் எவ்வளவு சில்லுனு இருந்ததுன்னு சிஸ்டருக்குத் தெரியும். உங்க மெஷினுக்குக்கூடச் சொல்லிக் குடுத்துட்டீங்க. எனக்குத் தெரியாது."

"நீ பயந்துடுவேன்னு..."

"பயந்திருப்பேன். என் பொண்ணுக்காகப் பயப்படற உரிமைகூட எனக்கு இல்லையா?"

வெளியே யாரோ இரும்பை அறுத்துக்கொண்டிருந்தார்கள். முட்டை சார் பென்சிலைக் கீழே வைத்தார்.

"தப்புதான்" என்றார் அவர். முகம் கீழே போயிருந்தது.

"மெஷின் மேல எவ்வளவு தப்புன்னு டாக்டர் சொன்னார் இல்ல, கொஞ்சம்னு. உங்க மேல எவ்வளவுன்னு எனக்கே தெரியல. ஒரு நாள் நிறைய இருக்கு. ஒரு நாள் குறைஞ்சுடுது. ஆனா ஒண்ணுமே இல்லன்னு என்னிக்கும் ஆகாது. அதைத் தெரிஞ்சுக்கிட்டு என்கூட இருக்க முடியுமா?"

"முடியும்" என்றார்.

அவர் மனைவி தாள்களை எடுத்து அடுக்கினார். 'சற்றே' என்ற சொல்லை இன்னொரு முறை பார்த்துவிட்டு, ஒன்றும் குறிக்காமல் மூடினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர் திரும்பிப் போகவில்லை.

இதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெட்டிகளில் படுத்த குழந்தைகள் பலர் பிழைத்துப் பெரியவர்களானார்கள்; சிலர் போகத்தான் செய்தார்கள். நுரையீரலையோ தொற்றையோ ஒரு மின்பலகை என்ன செய்துவிட முடியும்? ஒரு குழந்தை போனது என்று தெரிந்தால் முட்டை சார் சிஸ்டருக்கு போன் செய்து, அதன் பாதம் எப்படி இருந்தது என்று கேட்பார். "வெதுவெதுப்பா இருந்துச்சு சார்" என்று சிஸ்டர் சொல்வார். அன்று அவர் யாரோடும் பேச மாட்டார். அவர்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. வீட்டில் சில நாட்கள் பேச்சு சரளமாக ஓடும், சில நாட்கள் தட்டு வைக்கிற ஓசை மட்டும் கேட்கும். எப்போது எது என்று அவர் முன்கூட்டிக் கேட்டதில்லை. பொறுத்திருப்பார்.

பிறகு கம்பெனி கைமாறியது. புதியவர்கள் பெட்டியை வேறு மாதிரி வடிவமைத்தார்கள். அவரைச் சலவை இயந்திரப் பிரிவுக்கு மாற்றினார்கள். தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று பார்த்து, துணி "கொஞ்சம் அழுக்கா, ரொம்ப அழுக்கா" என்று முடிவு செய்கிற பலகை. அதே சரிவுகள், அதே விதிகள். ஓய்வுபெறும்வரை அதைத்தான் செய்தார். "பரவாயில்ல. இதுல தப்பு பண்ணா காலர்தான் கறையா இருக்கும்" என்றார் ஒரு நாள்.

போன வருஷம் எனக்குப் பேத்தி பிறந்தாள். நிறைமாதம், நல்ல எடை. பார்க்க வருகிறோம் என்று முட்டை சாரும் மனைவியும் சொன்னபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வேண்டாம் என்றும் சொல்ல மனம் வரவில்லை. ஒரு காலையில் மூவரும் பஸ்ஸில் போனோம். அவர்கள் எனக்கு முன்சீட்டில் இருந்தார்கள்.

"குழந்தைக்கு என்ன பேர் வைக்கப் போறாங்க?" என்று அந்த அம்மாள் திரும்பிக் கேட்டார். இன்னும் முடிவாகவில்லை என்றேன்.

கொஞ்ச தூரம் போனதும் கணவரிடம் சொன்னார்: "நான் நாலாம் மாசத்துலயே ஒரு பேர் வச்சிருந்தேன். உங்ககிட்ட சொன்னதில்ல."

"என்ன பேர்?"

அவர் கணவரின் காதருகே குனிந்து சொன்னார். பஸ் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. முட்டை சார் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தது மட்டும் தெரிந்தது. பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனைவி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

என்ன பேர் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.